பின்னீர்

மூன்று மொழியிலும் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்:
"கடல்மட்டம் உயரும் வேளைகளில்
கால்வாயில் ………… ஏற்படலாம்."
புள்ளிக்கோட்டில்தான் என் சம்பளம்.

கலைச்சொல் தொகுதி பின்னீர் என்கிறது.
முகத்துவாரத்தில் பிறந்த பிலோமினா
சாப்பாட்டுப் பெட்டியை மூடாமலே சொன்னாள்:
"ஆர் அப்பிடிக் கதைக்கிறது? பெருக்கு எண்டு போடும்."
பெருக்கு என்றால் கணக்கு வாத்தியார் வருகிறார்.
ஓதம் என்றால்
ஆண்கள் வைத்தியரிடம் போவார்கள்.

ஆங்கிலத்தில் அதற்கு
உலகம் கடந்துபோன மூலை என்றும் பொருளாம்.
மூன்றாம் மாடி, மின்தூக்கிக்குப் பின்புறம்,
தமிழ்ப் பிரிவு.

நாலரைக்கு வெள்ளவத்தைப் பாலத்தில் நின்றேன்.
தண்டவாளத்துக்கு அடியால்
கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது.
கிருலப்பனை நேற்றுக் கழித்துவிட்ட
யோகட் கோப்பை, ஒற்றைச் செருப்பு
எல்லாம் கிருலப்பனைக்கே ஊர்வலம்.
நடுவில் ஒரு கபரகொய்யா,
நீந்தாமலே போய்க்கொண்டிருந்தது.
என் வீடு கீழ்மாடி.
குளியலறைத் துவாரத்தில் துணி அடைத்திருக்கிறேன்.

பின் என்றால் முதுகுப்பக்கம்.
பின் என்றால் இனி வரப்போவதும்.
எதிர்காலத்தை எதிரே நிறுத்தியவர் யாரோ,
பின்னாள் எனக்குப் பின்னால்தான் நிற்கிறது,
பிடரியில் மூச்சு மட்டும்.

மற்றப் பாதியில் எழுத
ஒன்றுமில்லை என்றுதான் இருந்தேன்.
மதனராசா,
ஒன்பது வருடம் பக்கத்து மேசையில்
என்னை நீர் என்றீர், உம்மை நான் நீர் என்றேன்.
நீர் குடை கொண்டுவந்தீரா.
நீர் சாப்பிட்டீரா.
நீ அளவுக்குக் கிட்ட வராமல்
நீங்கள் அளவுக்கு எட்டப் போகாமல்
ஒரு கால்வாய் அகலம்.

கண்டிக்கு மாற்றலாகிப் போய்
போன கிழமை திரும்பி வந்தீர், அதிகாரியாக.
"நீங்க இன்னும் இந்த மேசையிலயா?"

நீங்க.
விலக என்றும் பொருள்படும் அந்தச் சொல்லுக்கு
அகராதி புரட்டத் தேவைப்படவில்லை.

பிரதியில் எழுதிக் கொடுத்தேன்: பின் நீர்.
நடுவில் ஓர் இடம் விட்டிருந்தேன்,
ஓர் ஆள் நிற்கும் அளவு.
வியாழன் காலை திரும்பி வந்தது.
இரண்டு சொல்லையும் வளைத்துச் சேர்த்த
சிவப்பு மைக் கோடு,
ஓரத்தில் உமது சுருக்கொப்பம்.
இலக்கணப்படி நீர் சொன்னது சரி.

அன்றிரவு
கால்வாய்ப் பக்கம் களக் களக் என்றது.
குளியலறைக்குப் போய்
துவாரத்தில் இருந்த துணியை
உருவி எடுத்தேன்.