அணைத்துக் காட்டு

ஹாக்கி ஆட்டம் முடிய நாலு நிமிஷம்.
பச்சைக் கோடொன்றைக் கிழித்துவிட்டுக்
கண்மூடிக்கொண்டது டிவி.
தட்டிப் பார்த்தான் தைஸ்தோ.
பிறகு செருப்பால்.

ஓவுலு கடையில் சுவர் முழுக்க
ஒரே கிளி, நாற்பது தடவை.
இதில் சிவப்பு தூக்கல் என்கிறான் பையன்,
அதில் கறுப்பு நிஜக் கறுப்பாம்.
தைஸ்தோ அங்குலத்தை முழம்போட்டுக்கொண்டிருந்தான்,
நான் தவணையை.

"அணைத்துக் காட்டு" என்றேன்.
பையன் விழித்தான்.

பதினேழு வருஷம்
அணைந்த திரையில்தான் பார்த்துவந்தேன்
முதுகுக்குப் பின்னால் சமையலறை வாசலை,
இன்றைக்கு என்ன முகத்தோடு வருகிறான் என்று.

"இது மங்கல் கண்ணாடி. நிழலே விழாது."
அதைத்தான் பெருமையாகச் சொன்னான்.

மூலையில் பளபளவென்று ஒன்று,
தள்ளுபடி விலையில், அணைந்து.
உள்ளே தைஸ்தோ,
பனி சொட்டும் குல்லாயைக் கசக்கியபடி.
கிளியைப் பார்க்கவில்லை அவன்.