பின்பக்கக் காற்று

நான்காம் பருவம். பாடத்தின் பெயர் நிலைத்த வளர்ச்சி.
எழுத்துத் தேர்வு கிடையாது.
ஆளுக்கொரு செத்த சாமான்;
உயிரோடு திருப்பிக் கொடுத்தால் ஐம்பது மதிப்பெண்.

எனக்கு வந்தது
தேவனாம்பட்டினம் பாக்கியவதி அக்காவின் டேபிள் ஃபேன்.
மழைக்கு வீட்டுக்குள் வந்த தண்ணீரில்
மூன்று நாள் மூழ்கிக் கிடந்ததாம்.

திறந்தால் சேறு,
உப்புப் பூத்த புஷ்,
எப்படியோ ஒரு நண்டுக்கால்.
மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன்.
திருப்பாதிரிப்புலியூரில் அறுபது ரூபாய்க்கு ஒரு கெப்பாசிட்டர்.
ஒயர்களில் நிறமே இல்லை, குத்துமதிப்பாகச் சேர்த்தேன்.
சுற்றியது!
ருகையா கைதட்டினாள்.
என் உள்ளங்கையில் ஒரு திருகு மிச்சம்.

அந்த வாரமே போன்:
“தம்பி, காத்து பின்பக்கமால்ல போவுது.”
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
இரண்டு ஒயரை மாற்றினால் முடிந்தது.
டெஸ்டரோடு சைக்கிளை மிதித்தேன்.

அடுப்படி ஜன்னலில் நின்றுகொண்டு ஃபேன்
சுறா வறுக்கும் புகையையெல்லாம்
தெருவுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.
“அதுமேல கைய வெச்ச, பாத்துக்க” என்றார் அக்கா,
கரண்டியோடு.

அறிக்கையில் கடைசிக் கட்டம்:
பழுது நீங்கியதா? ஆம் / இல்லை.
பேனா மூடியைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.
சட்டையெல்லாம் மீன் வாசம்.