எடைக் கொட்டகைக்குப் பின்னால்

மூன்றாவது சில்வர் ஓக் அடியில்தான்
சேரம்பாடியில் எனக்கு சிக்னல்.
குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு
உன் குரலைத் திறக்கிறேன்.

"அக்கா, மடகாஸ்கருக்குக் கிழக்கால எங்கேயோ இருக்கோம்.
எஞ்சின் ரூம் பையன் ஒருத்தனுக்குக் காய்ச்சல்.
மருந்துப் பெட்டிச் சாவி செகண்ட் ஆபீசர்கிட்ட.
ஆன்டிபயாடிக் தரவான்னு கேக்குறாரு."

அவனைக் கேள் என்று அனுப்பினேன்:
மெல்ல மெல்ல வந்ததா? இல்லை
மத்தியானம் ஸ்பானர் பிடித்த கை
சாயங்காலம் கரண்டி பிடிக்க முடியாமல் போனதா?
மூக்கொழுகி வந்தால் சளி.
முதுகில் யாரோ ஏறி நடப்பதுபோல் வந்தால்
அது வேறு.

பதில் வர ஒன்றரை மணி நேரம்.
அதற்குள் டிஸ்பென்சரி பெஞ்சில்
பத்தாம் நம்பர் மலையிலிருந்து ஆறு பேர்,
இடுப்புப் படங்கு நனைந்து, ஒரே இருமல்.
அரைப்பேர் போட்டுவிடுவார்கள் என்று
காய்ச்சலை முக்காட்டுக்குள் ஒளிக்கிறவளை
படியேறும் விதத்திலேயே பிடித்துவிடுவேன்.

"ஆமாக்கா, திடீர்னுதான்...
முதுகு... கண்ணைத் திருப்பினாலே வலி...
பையன் சொல்றான்."

மறுபடி கேட்டேன்.
முதுகுக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு மூச்சு.
பையனுக்கு முன்னால் இரண்டு.
கடிகாரத்தை வைத்து எண்ணினேன்,
நிமிஷத்துக்கு இருபத்தாறு.

சத்தியசீலா, எந்தப் பையனடா அது?
நம் லயத்துப் பேச்சில் மூச்சு வாங்குகிறவன்
உன் கப்பலில் வேறு யார்?

அதிகாரியிடம் சொல்.
ஆன்டிபயாடிக் இந்தக் கிருமியைத் தொடாது.
ரேடியோவில் கரை டாக்டரைக் கூப்பிடட்டும்,
நான் வெறும் எஸ்டேட் நர்ஸ்.
ஓசெல்டாமிவிர் இருக்கிறதா என்று பார்க்கட்டும்,
இருந்தால் அவரிடம் கேட்டு இன்றைக்கே, நாளை மறுநாள் அல்ல.
தனி கேபின். உன் தட்டு உனக்கு.
எஞ்சின் நீ இல்லாமலும் ஓடும்.
விரலில் மாட்டுகிற கருவி
தொண்ணூற்று நான்குக்குக் கீழே போனால் காத்திருக்காதே.
காய்ச்சல் விட்டபின் திரும்பி வந்தாலும்
அதையும் மறைக்காதே.

ஒற்றை டிக்.
மழை.
மறுநாளும் ஒற்றை டிக்.
கொழுந்து நிறுக்க வந்தவர்கள்
மரத்தடியில் என்னை விலகி நடந்தார்கள்.

நான்காம் நாள் வந்தது:
"தொண்ணூத்தேழு. கஞ்சி குடிச்சேன்."
குடிச்சான் இல்லை, குடிச்சேன்.

அன்றிரவு பாத்திரம் கழுவும்போது
என் முதுகில் யாரோ ஏறி நடந்தார்கள்.
காலையில் பெஞ்சில் ஒன்பது பேர் இருப்பார்கள்.
சுடுதண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமி
குரலைச் சரிசெய்துகொண்டு
பதிவு செய்தேன்,
ஒரே மூச்சில்:
எனக்கென்னடா, நல்லாத்தான் இருக்கேன்.