மணலி எடைமேடையிலிருந்து

பதினொன்று பத்துக்கு அழைப்பார்.
எண்ணைப் பார்க்கவே வேண்டாம்,
பின்னணியில் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.
“தேசிங்கு பேசறேம்மா, மணலி எடைமேடை.”
பாட்டின் பெயர் சொல்ல மாட்டார்.
“ஃப்ளூட்டு முடிஞ்சு, ஒரு மூச்சு இழுத்து,
அப்புறம் அந்தம்மா ஆரம்பிக்குமே, அது.”
எனக்குத் தெரியும்.
கோப்பு எண் ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு.
நாலு நிமிஷம் ஆறு நொடி.
அதில் அந்த மூச்சு ஒன்றரை நொடி.

ஆழ்வார்பேட்டையில் மூன்றாம் மாடி,
முட்டை அட்டை மாதிரி நுரைச்சுவர்,
ஏசிக்கு ஒரு சால்வை.
ஒன்பது வருடம்
நானும் ஊரில் தூங்காதவர்களும்.
ராயப்பேட்டை ஆஸ்பத்திரி லிஃப்ட்காரர்,
பாடியில் கேக்குக்கு க்ரீம் பூசும் இருவர்,
வளசரவாக்கத்தில் பெயர் சொல்லாத ஒருத்தி.
அவள் கிசுகிசுப்பாள்.
ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை,
என் பக்கத்து ஒலியைக் கூட்டிக்கொள்வேன்.

பிப்ரவரியில் ஒரு கூட்டம்.
திரையில் ஒரு கோடு
இடமிருந்து வலமாக இறங்கியது.
பெங்களூரிலிருந்து வந்த பையன், நல்ல பையன்,
“உங்க நேயர்களுக்கு வயசாயிடுச்சு மேடம்,
அவங்க எதையும் வாங்கறதில்ல” என்றான்.
வாங்கினார்களே!
சென்னைக்கு மிக அருகில், திண்டிவனம் தாண்டி,
எத்தனை மனை விற்றது இந்தக் குரல்.
சொல்லவில்லை.
பிஸ்கட் தட்டு என் பக்கம் வந்தது.
ஒன்று எடுத்துக்கொண்டேன்.

முழுப் பழியையும் அவன்மேல் போட முடியாது.
நாலாயிரம் பாட்டை முந்நூறாகக் குறைத்தபோது
பட்டியலில் கையெழுத்துப் போட்டவள் நான்.
அதே பாட்டு, அதே வரிசை, அதே கொட்டாவி.
வீட்டுக்குப் போகும் வழியில்
டாக்சிக்காரர் எங்கள் அலைவரிசையை வைத்தால்
அணைக்கச் சொல்லியிருக்கிறேன்.
தேசிங்கின் பாட்டை மட்டும்
பட்டியலுக்குள் எப்படியோ ஒளித்து வைத்திருந்தேன்,
சோற்றுக்கு அடியில் முட்டை போல.

கடைசி இரவு என்று அறிவிக்கக் கூடாதாம்.
வழக்கம்போல “நாளை சந்திப்போம்” என்றே முடித்தேன்.
அந்த மைக்கில் நான் சொன்ன முதல் பொய் அல்ல அது,
மனைகள் இருக்கின்றன.
மறுநாள் அதே நேரத்தில்
இருபத்து மூன்று வயதுக் குரல் ஒன்று
மூச்சே விடாமல் சிரித்தது.

எனக்குப் பகல் வேலை கொடுத்தார்கள்.
கீழே, வாசலருகே மேசை.
போட்டியில் வென்றவர்களுக்குப் பரிசு எடுத்துத் தரவேண்டும்,
ஆதார் நகல் வாங்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஒருவர் வந்தார்.
குள்ளம், சட்டைப்பையில் இரண்டு பேனா,
செருப்பை வெளியே கழற்றிவிட்டு
டைல்ஸ் தரையில் தயங்கி நின்றார்.
“இங்க ஒரு கையெழுத்து போடுங்க” என்றேன்.
பேனா நின்றுவிட்டது.
நகலைப் பார்த்தேன்.
தேசிங்கு, த/பெ முனுசாமி.

“அதே நம்பருக்குத்தாம்மா போட்டேன்.
ஒன்னை அழுத்துன்னுச்சு, அழுத்தினேன்.
ரெண்டுன்னுச்சு, அதையும் அழுத்தினேன்.
நீங்க எடுப்பீங்கன்னு பாத்தா
ஜெயிச்சிட்டேன்னு சொல்லுது.”

பரிசு ஒரு சின்ன ஸ்பீக்கர், நீல நிறம்.
போனோடு இணைத்தால் பாடும் என்றேன்.
தலையாட்டினார்.
“போன்ல எல்லாப் பாட்டும் இருக்கு,
பையன் ஏத்திக் குடுத்தான், அந்தப் பாட்டும் இருக்கு.
என்ன, அடுத்தது எதுன்னு
எனக்கே தெரிஞ்சிடுது.”

அதற்கு நான் ஏதாவது சொல்லியிருக்கலாம்.
பின்னால் கூரியர் பையன் நின்றிருந்தான்.
அவர் டப்பாவைப் பிரிக்கவில்லை,
உள்ளங்கையில் வைத்து லேசாக ஏற்றி இறக்கினார்.
“முந்நூத்தி எண்பது கிராம்,
டப்பாவோட.”

அவர் போனபின் தபால் தராசில்
இன்னொரு டப்பாவை வைத்துப் பார்த்தேன்.
முந்நூற்று எழுபத்தொன்பது.