அறுபது சென்டிமீட்டர்

ஒன்பது மீட்டர் நீள ரப்பர் படகு.
ஊதி நிறுத்தினால் அகலம் மூன்று இருபது.
சாலை அனுமதிப்பது இரண்டு அறுபது.
மிச்ச அறுபது சென்டிமீட்டருக்காக
முன்னால் ஒரு வண்டி, மஞ்சள் சுழல்விளக்கு,
இரண்டு நாட்டு முத்திரை, பகலில் மட்டும் பயணம்.

அந்த அறுபதுக்குள் என்னதான் இருக்கிறது என்றேன்.
மறுமுனையில், மெண்டோசாவில்,
லாரிக்காரர் ஃபெர்மின் அராஞ்சிபியா
யோசித்துவிட்டுச் சொன்னார்:
"காற்றுதான், சென்யோரா."

பதினோரு மாதம், ஞாயிறுதோறும்
ரவியோலி செய்து விற்ற காசு.
மாவு ஒட்டிய நோட்டுகளை எண்ணி அடுக்கியவள் நான்,
சான் ஹவியெர் தன்னார்வத் தீயணைப்புப் படையின் பொருளாளர்.
காற்றுக்கெல்லாம் கொடுக்க எங்களிடம் இல்லை.
பிடுங்கி விடுங்கள் என்றேன்.

மலைக்கு அப்பால், சிலியின் கடலோரம், கின்டேரோவில்
படகை விற்ற ஒயார்சூன்
வால்வுகளைத் திறந்துவிட்டுப் படம் அனுப்பினார்.
இருபது வருடம் முக்குளிப்போரைச் சுமந்தது
கழற்றிப் போட்ட மழைக்கோட்டு மாதிரி கிடந்தது.
கீழே ஒரு வரி:
'முழுக்க எடுத்தால் மடிப்பில் வெடிக்கும்.
கொஞ்சம் விட்டுவைத்திருக்கிறேன்.'

சுங்கப் படிவம் கேட்டது:
எடை, எஞ்சின் எண், உள்ளே இருப்பவை.
ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

பிறகு பனி. கணவாயை மூடிவிட்டார்கள்.
லாஸ் ஆண்டெஸில் எழுநூறு லாரிகள்,
அவற்றுக்குப் பின்னால் எங்கள் படகு.
இங்கே ஆறு ஏறிக்கொண்டிருந்தது.
படித்துறை அளவுகோலைப் பார்த்து செல்மிரா
காலையும் மாலையும் எண் அனுப்புவாள்:
ஐந்து எண்பது. ஐந்து தொண்ணூற்று நான்கு. ஆறு பத்து.
அதை நான் ஃபெர்மினுக்கு அனுப்புவேன்.
அவர் பனியின் உயரத்தைத் திருப்பி அனுப்புவார்.
ஒரே தண்ணீர்
இரண்டு பக்கமும் வட்டி ஏற்றியது.

நான்காம் நாள் செல்மிராவிடமிருந்து எண் வரவில்லை.

ஐந்தாம் இரவு, இரண்டே முக்காலுக்கு அழைப்பு.
"சென்யோரா, உங்கள் படகு வீங்குகிறது."
மூவாயிரம் மீட்டருக்கு மேலே, சுரங்கத்தின் வாயிலில்,
விட்டுவைத்த அந்தக் கொஞ்சம்
தன்னை நிறைய என்று நினைத்துக்கொண்டிருந்தது.
பட்டைகள் முறுகுகின்றன,
காவலர் ஒருவர் அளவுநாடாவோடு வருகிறார்,
திறந்துவிடட்டுமா என்றார்.
திறங்கள்.

கைபேசியை அவர் வால்வருகே பிடித்திருக்க வேண்டும்.
சமையலறையில் நின்று கேட்டேன்:
நீளமாக, அவசரமே இல்லாமல்,
கடல்மட்டத்தில் அடைத்த காற்று
மலை உச்சியில் இறங்கிப் போனது.
சீட்டு வாங்காமல்
இவ்வளவு தூரம் வந்த ஒரே பயணி.

இரண்டு நாள் கழித்து லாரி வந்தபோது
நெடுஞ்சாலை ஊருக்கு நான்கு கிலோமீட்டர் முன்பே முடிந்திருந்தது.
அதன் பிறகு ஆறுதான்.
முன்பணம் கொடுத்த கிரேன்
அந்தக் கரையில், முழங்கால் தண்ணீரில், தலை குனிந்து நின்றது.
நாங்கள் ஏழு பேர் மீன்பிடித் தோணியில் வந்தோம்,
கால்பம்போடு.

ஃபெர்மின் பின்னோக்கி ஓட்டினார்,
தண்ணீர் பின்னச்சைத் தொட, பிறகு மூட.
முறைவைத்து மிதித்தோம்.
சேறும் சாணமும் டீசலும் கலந்த எங்கள் காற்று
அந்தக் குழாய்களுக்குள் போனது.
இரண்டு எழுபது. மூன்று.
மூன்று இருபது.
தேசிய நெடுஞ்சாலையின் நடுவில், லாரிமேல் நின்றபடியே
படகு சட்டத்தை மீறியது.
அப்புறம் யாரும் தள்ளவில்லை.
வெள்ளமே ஒரு பக்கமாக அதைத் தூக்கிக்கொண்டது.

கணக்குப் புத்தகத்தில் அன்றைக்கு:
கிரேன், முன்பணம் திரும்பப் பெற்றது.
காத்திருப்பு, ஐந்து நாள். ஃபெர்மின் தானே அடித்துவிட்டு
மூன்று என்று எழுதியிருந்தார்.

முதலில் ஏற்றியது செல்மிராவை,
பள்ளிக்கூடக் கூரையிலிருந்து.
காதில் பென்சில், மடியில் நனைந்த நோட்டு.
அளவுகோல் மூழ்கிய பிறகு
எதைப் பார்த்து எழுதுவது என்றாள்.
உட்காருமுன் குழாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் அடிக்கலாம்."