பதினாலு நுழையாது

பேரிங் போச்சுங்க, எஞ்சினை இறக்கோணும் என்று
சத்தி ரோட்டில் மூன்று பேர் சொல்லிவிட்டார்கள்.
மூன்றாவது ஆள் பானட்டைக்கூடத் திறக்கவில்லை.
பொள்ளாச்சித் தோப்புக்காரர்
பேசிய விலையில் பாதியை
போனிலேயே கழித்துவிட்டார்.

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை
கணபதி ஷெட்டில் நாங்கள் இருவரும்.
"வாங்க" என்றார் குழந்தைவேல்.
பதினோரு வருசம் "வா அம்மிணி"யாக இருந்தது
கோர்ட்டுக்குப் பிறகு
மரியாதையில் வந்து நிற்கிறது.
வீடு, நகை, ஒண்டிப்புதூர் சைட்டு
எல்லாம் பட்டியலில் ஏறி இறங்கியாயிற்று.
மிச்சம் இந்த ரெண்டு சீட்டு வண்டி.
அறுபத்து நாலில் கப்பலில் வந்தது.
பின்னால் யாரும் உட்கார முடியாது.

ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன்.
டங். டங். டங்.
பம்ப்செட் கம்பெனியில் என் வேலையே
வார்ப்பைச் சுத்தியலால் தட்டிக் கேட்பதுதான்.
விரிசல் விட்ட இரும்பு
சளி பிடித்தவன் போலப் பேசும்.
நீள ஸ்க்ரூடிரைவரின் பிடியைக்
காதுக்குப் பின்னெலும்பில் அழுத்திக்கொண்டு
நுனியைச் சம்ப்பில் வைத்தேன். இல்லை.
நடுவில். இல்லை.
முன்பக்கம் நகர நகர
சத்தம் என் மண்டைக்குள் நடந்து வந்தது.
ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டேன்,
குரல் மாறிவிட்டது.
பேரிங் இல்லை. புல்லி.

ரேடியேட்டரை இறக்க அரை இஞ்ச் ஸ்பேனர் வேண்டும்.
இந்த ஊரில் ஆயிரம் லேத் ஓடுகிறது,
எல்லாம் மில்லிமீட்டர்.
அரை இஞ்சுக்குப் பதிமூணு போட்டால் லொடலொடக்கும்.
அதற்கு மேல் நட்டுக்குப் பதினாலு நுழையாது,
பதினஞ்சு வழுக்கி முனையைத் தின்றுவிடும்.
இஞ்ச் செட்டை உக்கடம் இரும்புக்கடையில்
எடை போட்டு வாங்கினோம்,
கல்யாணமான ரெண்டாம் மாசம்.
பட்டியலில் அது இல்லை.
ரெண்டு வக்கீலுக்கும் சொல்ல மறந்திருக்கிறோம்.

அடியில் படுத்துக் கையை நீட்டினால்
புல்லி போல்ட்டு விரலுக்கே சுற்றியது.
லாக் வாஷரின் காது மடங்கவேயில்லை,
கடையிலிருந்து வந்த தட்டையாகவே இருந்தது.
"ஒரு வேலையாவது உருப்படியா" என்று
பல் வரைக்கும் வந்துவிட்டது வாக்கியம்.

அங்கேயே நின்றது.
ஏழு வருசத்துக்கு முன்னால் டைமிங் செயின் மாற்றிய அன்று
அவர் தாராபுரத்தில் இருந்தார்.
முடுக்கியது நான்.
மடக்க உளியை எடுத்தபோது
ஃபவுண்டரியிலிருந்து போன்,
அச்சு உடைந்து உருக்கு தரையில் ஓடுகிறதென்று.
உளியோடு எழுந்து போனவள்
மறுநாள் வந்து ரேடியேட்டரை மாட்டிவிட்டேன்.
பிறகு இந்தச் சத்தத்துக்காக
எத்தனை ராத்திரி அவரை வைதிருக்கிறேன்.

"மடக்காம விட்டது நான்தான்" என்றேன்
வண்டிக்கு அடியிலிருந்து.
ரெண்டு செருப்பு சித்த நேரம் அசையாமல் இருந்தது.
"அப்படிங்களா."
அப்புறம்,
"பிரேக்கை மிதிக்கட்டுங்களா?"

டாப் கியரில் போட்டு அவர் மேலே மிதிக்க
கீழே நான் இழுத்தேன்.
டார்க் ரெஞ்ச் எழுபதில் டக்கென்றது.
"இன்னொருக்கா."
டக்.
உளியால் மூன்று தட்டு.
காது மடங்கி போல்ட்டின் முகத்தோடு ஒட்டிக்கொண்டது.

ஓடவிட்டால் டங் இல்லை.
அது இத்தனை நாள் மூடிவைத்திருந்த
சின்னச் சத்தம் ஒன்று வெளியே வந்தது,
தையல் மெஷின் போல.
"டேப்பெட்டு" என்றார்.
"இருக்கட்டும். பதினஞ்சு தவ்வு விட்டிருக்கு.
சத்தமே போடாத டேப்பெட்டு வால்வைப் பொசுக்கிரும்."
தெரியும் என்பதுபோலத் தலையாட்டினார்.
அவருக்குத் தெரியும்தான்.

மரத்தூளில் கை துடைத்துவிட்டுப் பார்த்தால்
இஞ்ச் செட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.
நீட்டவுமில்லை, வைத்துக்கொள்ளவுமில்லை.
நான் வாங்கிப் பழைய துண்டில் சுற்றி
இடது சீட்டுக்கு அடியில் செருகினேன்.

பொள்ளாச்சியிலும் பதினாலு நுழையாது.