நாங்க, நாம

பாராமட்டா, சர்ச் தெரு, நான்காம் மாடி.
மழை. ரயில் ஒன்று வெஸ்ட்மீட் பக்கம் முனகிப் போகிறது.
மேசைக்கு அந்தப் பக்கம் டெஸ்பினா, கையில் நிறுத்துகடிகாரம்.
இந்தப் பக்கம் நித்திலா, நாலேகால் வயது,
ஒரு கால் செருப்பைக் கழற்றிவிட்டிருக்கிறாள்.
நடுவில் நான், மணிக்கணக்குச் சம்பளம்.
சொன்னதைச் சொல்லலாம்.
கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.

படம் பதினொன்று: கணப்படுப்பு.
வென்ட்வொர்த்வில் அடுக்ககத்தில் யார் வீட்டில் கணப்பு?
பூஜ்யம்.
படம் பன்னிரண்டு: சேணம்.
தமிழில் அது எனக்கே ஒரு நொடி கழித்துத்தான் வந்தது.
பூஜ்யம்.
படம் பதின்மூன்று குடை. உதடு அசைந்தது,
கடிகாரம் முந்திக்கொண்டது.
அம்மா மீனலோசனி கைப்பை வாரைத் திருகுகிறாள்,
வாசல் மூலையில் அவர்கள் குடை சொட்டிக்கொண்டிருக்கிறது.

இடைவேளைக்குக் கட்டைகள் வந்தன.
அடுக்கிக்கொண்டே டெஸ்பினாவிடம் சொன்னாள்:
“நாங்க பஸ்ல வந்தோம்.”
‘வீ’ என்று தொடங்கி முடித்தேன்.
கோபுரம் சரிந்தது.
எங்கள் மூன்று முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு,
“நாம திரும்பக் கட்டலாமா?”
அதற்கும் ‘வீ’தான். வேறு கையிருப்பு இல்லை.
டெஸ்பினா எழுதினார்: சிறு வாக்கியங்கள்.

பஸ்ஸில் இவர் வரவில்லை, அதனால் நாங்க.
கட்டையில் இவரும் கைவைக்கலாம், அதனால் நாம.
யார் எங்கே இருந்தார், யாருக்கு எது தெரியும்,
யாரை இப்போது உள்ளே விடலாம்
என்று ஒரு சின்னத் தலை
மூச்சு விடும் நேரத்தில் கணக்கெடுத்திருக்கிறது.
இருபத்திரண்டு பக்கப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
சேணத்துக்கு இருக்கிறது.

“மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறார்”
என்றேன், விதிப்படி, என்னையே யாரோ போல.
சொல்லி முடிக்கும்வரை டெஸ்பினா பேனாவைத் தொடவில்லை.
கடிகாரத்தை நிறுத்த மறந்திருந்தார்.
பிறகு ஓரத்தில், தாளைத் திருப்பி, இரண்டு வரி.
மதிப்பெண் மாறாது, என்றார்.
அதையும் மொழிபெயர்த்தேன்.
மீனலோசனி தலையாட்டினாள், எதற்கென்று தெரியாமல்.

கிளம்பும்போது நித்திலா செருப்பைத் தேடி மாட்டி
வாசலில் திரும்பி டெஸ்பினாவுக்குக் கையசைத்தாள்:
“நாங்க போறோம்.”

நானும் கதவோரம்தான் நின்றேன்,
வருகைச்சீட்டில் கையெழுத்து வாங்கியபடி.
அந்த நாங்கவில் நான் உண்டா?
கேட்பது என் வேலை இல்லை.
நடைவழிக் கோடியில் லிஃப்ட்
மூடப் போவதும் திறப்பதுமாக இருந்தது,
ஒரு விரல் பொத்தானை விடாமல்.